இருவர் நெய்யும் சேலை

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை ஒன்று கைக்கு வந்ததும் முந்தானையை விரித்துப் பார்ப்பதுதான் நம்மவர் வழக்கம். ஜரிகையின் பளபளப்பும், யாளியும் அன்னமும் மாங்காயும் வரிசை வரிசையாக நிற்கும் வேலைப்பாடும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே கண் அங்கே போவது இயல்பே. ஆனால் நெசவை அறிந்த பெரியவர்கள் சேலையை அப்படிப் பார்ப்பதில்லை. மடிப்பை ஒரு சாண் அளவுக்குப் பிரித்து, கரையும் உடலும் சந்திக்கும் இடத்தைக் கட்டை விரலால் ஒரு முறை தடவி, பிறகு துணியைப் புரட்டி அதே இடத்தை மறுபக்கத்திலும் தடவிப் பார்த்து, அதற்குப் பின்னரே விலையைக் கேட்பார்கள். அரை விரற்கடை அகலம்கூட இல்லாத அந்தச் சந்திப்பில் ஒரு சேலையின் பூர்வோத்தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அது எத்தனை பேருடைய உழைப்பில், எவ்வளவு பொறுமையோடு உருவாயிற்று என்பது, படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அங்கே தெளிவாகத் தெரியும்.

அந்தச் சந்திப்புக்குக் கோர்வை என்று பெயர். சாதாரணமாக ஒரு துணியை நெய்யும்போது, பாவு நூல்கள் நீளவாட்டில் நிற்க, ஊடை நூலைச் சுமந்த நாடா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தடையின்றி ஓடுகிறது. கரைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், கரை வரும் இடத்தில் பாவின் நிறத்தை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் உடலின் ஊடை கரைக்குள்ளும் புகுந்து செல்வதால், கரையின் நிறம் தனித்து நிற்பதில்லை. மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமான சேலை என்று வைத்துக்கொண்டால், அரக்குப் பாவின் இடையே மஞ்சள் ஊடை கலந்து, கரையின் ஆழ்ந்த சிவப்பு ஒரு படி வெளிறிச் செங்கல் நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அதுவும் ஓர் அழகுதான். மயில்கழுத்து நிறம் பிறப்பதே பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக இருப்பதால்தானே! ஆயினும் காஞ்சிபுரத்தின் கீர்த்திக்குக் காரணமாக இருப்பது நிறங்கள் கலக்கும் அழகைவிட, கலக்காமல் எதிரெதிரே நிற்கும் அழகுதான்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: இடக்கரைக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று. உடலின் நாடா கரையின் எல்லை வரையில் வந்து, அங்கே கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறது. கரையின் நாடாவும் அவ்வாறே தன் எல்லையைத் தொட்டு, உடலின் ஊடையைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. ஒவ்வோர் ஊடைக்கும் இரண்டு பக்கத்திலும் இந்தக் கோப்பு நிகழ வேண்டும். அப்போதுதான் அரக்கு முழு அரக்காகவும் மஞ்சள் முழு மஞ்சளாகவும், ஒன்றின் சாயல் மற்றொன்றின்மேல் சிறிதும் படியாமல், அதே சமயம் கிழித்தாலும் பிரியாத ஒரே துணியாக நிற்கும். ஆறு கெஜச் சேலையின் நீளம் முழுவதும், ஒன்பது கெஜமானால் அந்த நீளம் முழுவதும், இந்தக் கோப்பு எத்தனை ஆயிரம் முறை நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. விசைத்தறியின் வேகத்துக்கு இந்த வேலை இயல்பாக வசப்படாததன் காரணம் இதுவே. கைத்தறியிலும் தனி ஒருவரால் இதை ஒழுங்காகச் செய்வது கடினம். நெசவாளர் உடல் நாடாவையும் ஒரு கரையின் நாடாவையும் கவனித்துக்கொள்ள, பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணையாள் மற்றக் கரையின் நாடாவை வாங்கிக் கோத்துத் திருப்புகிறார். ஆகவே கோர்வை என்பது பிறவியிலேயே இருவர் கலை.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இன்னும் சில வீடுகளில் இந்த இருவர் நெசவைக் காணலாம். வீட்டின் முன்கட்டிலேயே தறி. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை விட்டு நெசவாளர் மிதியை மிதிக்கிறார். அவருக்கு ஒட்டினாற்போல் தறியின் ஓரத்தில் மனைவி. நாடா வரும் திசையை அந்த அம்மாள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பாவின் வாய் திறக்கும் ஓசையைக் கொண்டே கை நீள்கிறது. வந்த இழையை ஆள்காட்டி விரலின் நுனியால் லேசாக இழுத்து, கரையின் இழையை அதில் மாட்டி, தளர்வும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் விடுகிறார். அதற்குள் அச்சுப் பலகை வந்து தட்டிவிடுகிறது. இழுப்பு ஒரு சிறிது மிகுந்தால் கரை சுருங்கிச் சேலை நெளியும். ஒரு சிறிது குறைந்தால் கோத்த இடத்தில் கண்ணிபோல் நூல் தொங்கும். பாட்டுக்காரரும் மிருதங்கக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் போன்ற இசைவு அது. பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் வருவதன்று.

இந்தச் சந்திப்பு நேர்க்கோடாகவே செல்ல வேண்டும் என்பதும் இல்லை. கரையின் நிறம் உடலுக்குள் சிறிது சிறிதாக முன்னேறி, ஓர் உச்சியைத் தொட்டு, மீண்டும் சிறிது சிறிதாகப் பின்வாங்கினால் கோபுரம் போன்ற கூர்முனைகள் வரிசையாக எழுகின்றன. ரேக்கு என்று இதைச் சொல்வார்கள். நீண்டு கூர்ந்து, தாழை மடலை நினைவூட்டுவதாக இருந்தால் தாழம்பூ ரேக்கு. நல்ல ரேக்கில் உச்சிகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்பதாகத்தான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒன்றுக்கொன்று மயிரிழை வேற்றுமை தெரியத் தொடங்கும். காலையில் நெய்தது இது, பிற்பகல் அசதியில் நெய்தது இது என்று பிரித்துச் சொல்லிவிட முடியும் போல இருக்கும். இந்த வேற்றுமையைக் குறை என்று கருதித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனிதக் கை ஒரு காரியத்தில் முழுக் கவனத்தோடு ஈடுபட்டிருந்ததற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறு கிடையாது.

கோர்வைக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது பெட்னி. உடலுக்கு ஒரு நிறமும் முந்தானைக்கு வேறொரு நிறமும் வேண்டும்போது, ஊடையை மாற்றினால் மட்டும் போதாது. பாவையே மாற்றியாக வேண்டும். தறியில் பூட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான பாவு நூல்களின்மேல், புதிய நிறத்து நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரண்டையும் சேர்த்தே சிறிது தூரம் நெய்து, பிறகு பழைய நூல்களை வெட்டி அகற்றிவிட்டுப் புதிய நிறத்தில் முந்தானையை நெய்கிறார்கள். உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடத்தில் சற்றே தடித்து, இரண்டு நிறமும் கலந்து, சிறு சிறு பிசிர்களோடு ஒரு கோடு தென்படுகிறதே, அது பெட்னி இருந்ததற்கு அடையாளம். அந்தக் கோட்டைக் கண்டு, சேலையில் பழுது இருக்கிறது என்று எண்ணிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பொருளின் சிறப்பையே குறையாகக் காணும் இந்த அறியாமைதான், எந்த விசைத்தறியையும்விடக் கைத்தறிக்குப் பெரிய சத்துரு என்பது என் எண்ணம்.

இழையின் விஷயத்துக்கு வருவோம். பட்டு காஞ்சிபுரத்தில் விளைவதன்று. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்கு நெடுங்காலமாகச் சூரத்து நகரமே ஆதாரம். வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிப் பட்டிழையின்மேல் சுற்றி, பொன்முலாம் பூசினால் அசல் ஜரிகை. காஞ்சிபுரத்துக்கு என்று தனியாக உள்ளது இவற்றைக் கையாளும் முறை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய பட்டையே பாவுக்கும் ஊடைக்கும் வைப்பதால் துணிக்குக் கனமும் உரமும் கிடைக்கின்றன. பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி ஏற்றுவது ஒரு பெரிய வைபவம். விடியும் முன்பே தெரு நெடுக நூல் நீண்டு கிடக்க, வீட்டார் மட்டுமன்றி அண்டை அயலாரும் வந்து கூடி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்துச் சீர்செய்து காயவைத்துச் சுருட்டிவிடுவார்கள். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலைகள் வரும். பாவு தீர்ந்ததும் அடுத்த பாவின் நுனிகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அது பெரும்பாலும் பெண்கள் வேலை. இவ்வளவும் நடந்த பிறகே முதல் ஊடை ஓடும்.

நம் பாட்டிமார் காலத்தில் இத்தகைய சேலைக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. இருபது முப்பது ஆண்டு கட்டிக் கிழிந்துபோன பிறகு, பழைய பட்டு வாங்குகிறவரிடம் கொடுத்தால், அவர் ஜரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொண்டு அதற்கு விலை கொடுப்பார். கல்யாணத்தில் வாங்கிய சேலை தன் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிட்டுத்தான் விடைபெறும்! மண்ணில் எறிய வேண்டியது என்று எதுவுமே அதில் மிஞ்சுவதில்லை. செப்பு ஜரிகையும், பாலியஸ்டர்மேல் உலோகப் பூச்சுப் பூசிய ஜரிகையும் வந்தபின் அந்த மதிப்புப் போயிற்று. பொருளாதார நிபுணர்கள் இப்போது நிலைத்த தொழில்முனைவு என்று எதற்குப் பெரிய பெயர் வைத்துப் பேசுகிறார்களோ, அதன் சாரம் அன்று பழைய சேலை வாங்குகிறவரின் தராசிலேயே இருந்தது.

ரசிகர் இல்லாமல் எந்தக் கலையும் நெடுநாள் நிற்பதில்லை. காஞ்சிபுரத்துக்கு நல்ல ரசிகர்கள் வாய்த்திருந்தார்கள். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல், நாட்டியத்துக்குத் தகுந்த உடை வேண்டும் என்று தேடியபோது, அக்காலத்துக் கடைகளில் கிடைத்த நாகரிகத் துணிகளால் திருப்தியடையாமல், தம் நிறுவனத்திலேயே தறிகளைப் போட்டு, பழைய சேலைகளின் கரைகளையும் கட்டங்களையும் முன்மாதிரியாகக் கொண்டு நெய்வித்தார். உடலில் அலங்காரம் ஒன்றும் இல்லாமல், எதிர்நிறத்தில் அகன்ற கரை மட்டும் கம்பீரமாக நிற்கும் அந்தச் சேலைகள், மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சம்பிரதாயத்துக்கு மீண்டும் கௌரவத்தைத் தேடித் தந்தன. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்கென்று காஞ்சிபுரத்துப் பட்டு வணிகர் முத்துச் செட்டியார் உருவாக்கிய நீல நிறம் இன்றும் எம்.எஸ். நீலம் என்றே கடைகளில் வழங்குகிறது. வாங்குகிறவருக்கும் ஆக்குகிறவருக்கும் இடையே இப்படி ஒரு நெருக்கம் இருந்தால், நிறம்கூட ஒரு மனிதரின் பெயரைப் பெற்று நெடுங்காலம் வாழ்ந்துவிடுகிறது.

தொழிலை நடத்தும் விஷயத்திலும் காஞ்சிபுரம் பின்தங்கிய ஊரன்று. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவானது இந்த ஊரில்தான் என்பதைக் காஞ்சிக் கோயில்களைக் காண வருகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்! நெசவாளருக்குக் கடன் எப்போதுமே கழுத்தைச் சுற்றிய கயிறாக இருந்துவந்திருக்கிறது. பட்டும் ஜரிகையும் விலை மிகுந்தவை. அவற்றைச் சொந்தமாக வாங்கிச் சேலை நெய்து விற்கும் சக்தி ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். ஆகவே முதலாளி பாவும் பட்டும் கொடுப்பார்; நெசவாளர் கூலிக்கு நெய்வார்; கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்குவார்; வாங்கியது தீரும்வரை அந்தத் தறி அந்த முதலாளிக்கே உரியது. இந்த வட்டத்தை உடைக்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1935இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களைத் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. சங்கம் இழை தரும், கூலி தரும், சேமிப்பில் தன் பங்கையும் சேர்க்கும், தீபாவளிக்குப் போனஸ் தரும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து தமிழ்நாட்டை ஆண்ட அண்ணாவின் பெயரை ஒரு சங்கம் தாங்கியிருப்பது பொருத்தமே.

இவ்வளவு இருந்தும் தறிகள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டவர்கள் 1995ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். இந்த வீழ்ச்சிக்கு விசைத்தறி ஒன்றையே குற்றம் சொல்வது எளிது. ஆனால் கோர்வைக்கு வந்த நெருக்கடியின் காரணம் வேறு. அதைச் சொல்ல மனம் சற்றுக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கோர்வைத் தறியின் ஓரத்தில் துணையாளாக அமர்ந்தவர்களில் பலர் குழந்தைகள். எட்டு வயதிலும் பத்து வயதிலும் முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்கு வந்து, காலை முதல் இருட்டும்வரை ஒரு கரையின் நாடாவை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரின் பிஞ்சு விரல்களால் எழுந்தவைதாம், நாம் வியந்த ரேக்குகளில் கணிசமான பகுதி. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பின்னர் அரசும் தொண்டு நிறுவனங்களும் பல்லாண்டுகள் உழைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. நல்ல காரியம், எந்தக் கலையின் பெயராலும் அதற்கு ஆட்சேபம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் உட்காரப் பெரியவர்கள் முன்வரவில்லை. வந்தால் அவர்களுக்குப் பெரியவர்களுக்குரிய கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியைச் சேலையின் விலை தாங்கவில்லை என்றார்கள். ஆகவே கரையை ஒருவரே நெய்யும் முறைகள் பெருகின, கோர்வை சுருங்கிற்று.

சேலையின் விலை தாங்கவில்லை என்பது உண்மைதானா என்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். இன்று கல்யாணக் கடைகளில் மிக அதிக விலைக்குப் போவது எது? உடல் முழுவதும் ஜரிகை போர்த்திய, கையில் எடுத்தாலே கனக்கிற, ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் சொன்னபடி பூவும் கொடியும் நெருங்கிப் படர்ந்த சேலை. அதில் பல சமயம் கோர்வையே இராது. ஜரிகையின் எடைக்கு விலை சொல்வது கடைக்காரருக்கும் சுலபம், கேட்பவருக்கும் சுலபம். கோத்த கைக்கு விலை சொல்வதற்கு இருவருக்குமே அளவுகோல் தெரியவில்லை. தேன்நிற உடலில் புட்டா ஒன்றும் இல்லாமல், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாண் அகலக் கரை மட்டும் ரேக்கோடு ஓடும் சேலை, அதைவிட எவ்வளவோ பிரயாசையோடு நெய்யப்பட்டிருந்தாலும், சாதாரணச் சேலை என்று பெயர்பெற்று அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கும் தள்ளுபடி விற்பனையும் இதற்குத் துணைபோயிற்று. அடித்து எழுதிய விலையையே பார்த்துப் பழகியவர், ஒரு சேலைக்கு நியாயமான விலை என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துவிடுகிறார். தேங்கிய சரக்கைத் தீர்க்கச் சங்கங்களுக்கு அது தேவைப்பட்டது என்பதை நான் அறிவேன். ஆனாலும் அதனால் விளைந்த தீங்கு, தீர்ந்த சரக்கைவிடப் பெரிது.

இந்த நிலையில், வேறு வழியில் நடக்கத் துணிந்த சிலரைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத முடிகிறது. அவர்களில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் படித்து வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு, ஊரை விட்டே போகாதவர்களும் உண்டு. பத்துப் பதினைந்து தறிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஒரே மாதிரியில் நூறு சேலை போட்டுக் கடைக்கு அனுப்புவதும் இல்லை. பெட்டியில் கிடந்த பாட்டியின் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் கரையை அளந்து, ரேக்கின் உச்சிகளை எண்ணி, அதே நிறத்தைச் சாயக்காரரிடம் பக்குவம் சொல்லி ஏற்றி, அதைப் போலவே ஒன்று நெய்து தருகிறார்கள். வாங்குகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும், பாவு பூட்டிய நாளில் ஒரு படமும், கரை ஏறிய நாளில் ஒரு படமும், பெட்னி போடும்போது ஒரு படமும் செல்போனுக்கு வந்துவிடுகின்றன. மாதம் ஒன்று காத்திருக்க வேண்டும் என்றால் காத்திருக்கிறார்கள். தாம் காத்திருப்பது எதற்காக என்பது தெரிந்துவிடுவதால் அவர்களுக்கு அது சலிப்பதில்லை. சேலையின் விலையில் ஒரு பகுதி முன்பணமாக முதலிலேயே வருவதால் பட்டு வாங்கக் கடன்பட வேண்டிய அவசியம் குறைகிறது. நூறாண்டுக்கு முன் கூட்டுறவு இயக்கம் எந்தச் சிக்கலை அவிழ்க்க முயன்றதோ, அதன் ஒரு முடிச்சை இந்த வியாபாரம் அவிழ்க்கிறது.

இவர்கள் செய்யும் காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டோடு நின்றுவிடாமல், பருத்தியிலும் கோர்வையைத் தாராளமாகக் கொண்டுவந்திருப்பது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்குக் கட்டிச் செல்லக்கூடிய விலையில், ஜரிகையே இல்லாமல், சாம்பல் நிற உடலில் மிளகாய்ச் சிவப்புக் கரை கோத்த பருத்திச் சேலை கிடைக்கிறது. பட்டைப் போல ஆண்டுக்கு இருமுறை வெளியே எடுக்கும் பொருளாக இல்லாமல், வாரம் ஒரு முறை துவைத்துக் கட்டும் பொருளாக இருப்பதால், தறிக்கு முகூர்த்த மாதங்களில் மட்டுமன்றி ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்கிறது. கோர்வையின் உறுதி பருத்தியில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. துவைக்கத் துவைக்க உடலும் கரையும் ஒன்றாகவே இளகி, சந்திப்பு மட்டும் திடமாக நிற்கிறது. விசைத்தறியைப் போல மலிவாக நெய்யப் போட்டிபோட்ட கைத்தறிக்காரர்கள் யாரும் வென்றதாக எனக்குத் தெரியவில்லை. விசைத்தறிக்கு எளிதில் வராத வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை வாங்குகிறவருக்கு விளங்கச் செய்தவர்கள் நிற்கிறார்கள்.

விளங்கச் செய்வது என்றால் உண்மையைச் சொல்லவும் வேண்டும். கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம், புகை இல்லை, இரைச்சல் இல்லை என்பது வரையில் சரி. ஆனால் கச்சாப் பட்டின்மேல் உள்ள பசையைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்து நீக்கும்போது, பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீரோடு போகிறது. அதன்பின் சாயம், அதன்பின் அலசல். இந்த நீர் எங்கே போகிறது என்பதைக் கேட்காமல், கையால் நெய்ததாலேயே ஒரு சேலை மாசற்றது என்று சொல்லிவிட முடியாது. சாயப்பட்டறைகள் ஒன்று சேர்ந்து கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், அதற்கான செலவைச் சேலையின் விலையில் ஒளிக்காமல் சேர்ப்பதும்தான் நேர்மையான வழி. அவுரியும் மஞ்சிட்டியும் கடுக்காயும் கொண்டு சாயமேற்றுவோரின் முயற்சியையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றால் காஞ்சிபுரத்தின் நிறக்களஞ்சியம் முழுவதையும் தந்துவிட முடியும் என்று கூறுவது மிகை.

சட்டத்தின் துணையும் இத்தொழிலுக்கு இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. சேலை இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இவை வேலிகள், வேண்டியவைதாம். ஆயினும் வேலிக்குள்ளே பயிர் செழிக்க வேண்டுமானால், வாங்குகிறவர்கள் கடையில் சேலையைப் புரட்டிப் பார்த்து, இது கோர்வையா, கோத்தது யார், அவருக்குக் கூலி தனியாக உண்டா என்று கேட்கும் பழக்கம் வந்தாக வேண்டும். இருபது பேர் கேட்டால் கடைக்காரர் பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்வார். இருநூறு பேர் கேட்டால் விலைச்சீட்டிலேயே அச்சிட்டுவிடுவார்.

அச்சிடுவதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. உ. சகாயம் அவர்கள் கோ-ஆப்டெக்ஸின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டை ஒன்றை இணைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதுவரை விற்பனைச் சீட்டில் கடையின் பெயர் இருக்கும், சங்கத்தின் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இராது. அந்த அட்டையைச் சேலையோடு மடித்துப் பத்திரமாக வைத்திருப்பவர்களை நான் அறிவேன். ஆனால் கோர்வைச் சேலைகளில்கூட அந்த அட்டையில் நான் கண்டது ஒரு படமும் ஒரு பெயருமே. 2019-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி கைத்தறித் தொழிலாளரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். கோர்வைத் தறியின் ஓரத்தில் அமர்ந்து மற்றக் கரையைக் கோக்கிறவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவர். அவருடைய கூலி இன்றும் பல வீடுகளில் கணவரின் கூலிக்குள் கரைந்து, கணக்கில் வராமலே போகிறது. கோர்வைச் சேலையின் அட்டையில் இரண்டு பெயர்களையும் அச்சிட வேண்டும். கூலிப் பட்டியலிலும் இரண்டு பெயர்களையும் எழுதி, இருவர் கையிலும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். சங்கங்கள் நினைத்தால் அடுத்த பாவு பூட்டும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.